உறைபனியும் செப்புத்தகடும்

துருவங்களுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. படங்கள் திரும்பி வந்தன. அந்தப் பழைய அச்சுச் சித்திரங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஒரு மர வீட்டின் உட்புறம். நடுவில் தீ எரிகிறது. கூரையிலிருந்து விளக்கு தொங்குகிறது. சுவரில் ஒரு கடிகாரம். பக்கவாட்டில் வரிசையாகப் படுக்கைகள். ஓரத்தில் நிமிர்த்தி வைத்த பெரிய பீப்பாய், அதுதான் குளியலறை. 1598-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஒரு பயண நூலில் இந்தப் படம் இருக்கிறது. நூலை எழுதியவர் கெரிட் டெ வீர். வடக்கு ஆர்க்டிக்கில், நோவாயா செம்லியா தீவில், 1596-97 குளிர்காலத்தை இந்த வீட்டில் கழித்துவிட்டுப் பிழைத்து வந்த 12 டச்சுக்காரர்களில் ஒருவர்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா இந்தப் படத்தை ரசித்தது. அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஓவியனின் கற்பனை என்று சரிபார்க்க வழியில்லை. 1871 செப்டம்பர் 9-ம் தேதி எல்லிங் கார்ல்சன் என்ற நார்வே நாட்டுக் கடல்வேட்டைக் கப்பல் தலைவர் அந்தக் கரையில் இறங்கினார். கூரை இடிந்து, பனிக்கட்டி நிரம்பிய நிலையில் ஒரு மர வீடு நின்றது. உள்ளே கடிகாரம், பாத்திரங்கள், மெழுகுவர்த்தித் தண்டுகள், ஆயுதங்கள், ஒரு புல்லாங்குழல். 274 ஆண்டுகளாக யார் கையும் படவில்லை. படத்தில் இருந்த வீடு அதுதான்.

துருவப் பயணங்களைப் பற்றிய பழைய செதுக்குச் சித்திரங்கள் இன்று ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் அலங்காரப் பொருளாக விலை போகின்றன. பனிமலை, கவிழும் கப்பல், எழுந்து நிற்கும் வெள்ளைக் கரடி என்று வரவேற்பறைச் சுவருக்குக் கச்சிதமான சரக்கு. ஆனால் அச்சான காலத்தில் அவை அலங்காரமல்ல, சாட்சியம். அடுத்த கப்பலை அனுப்பலாமா, பணம் போடலாமா, எத்தனை பேர் உயிரைப் பணயம் வைக்கலாம் என்பதெல்லாம் ஓரளவு அவற்றைப் பார்த்தே முடிவானது. அதனால்தான் அவற்றின் உண்மையும் பொய்யும் இன்றும் கவனிக்கத்தக்கவை.

மிளகுக்காக வடக்கே

டச்சுக்காரர்கள் துருவத்தை நோக்கிப் போனது துருவத்தைப் பார்க்க அல்ல. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போகத்தான். ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் தெற்கு வழி போர்ச்சுகீசியர் பிடியில் இருந்தது. ரஷ்யாவின் வடக்கு ஓரமாகவே கீழ்த்திசைக்குப் போய்விடலாம், துருவத்துக்கு அருகில் கடல் உறையாமல் திறந்திருக்கும் என்று ஆம்ஸ்டர்டாமின் மதபோதகரும் வரைபடக்காரருமான பீட்டர் பிளான்சியஸ் வாதிட்டார். கோடையில் சூரியன் மறைவதே இல்லை என்றால் பனி எப்படி நிற்கும் என்பது அந்தக் காலத்து தர்க்கம். வழி கண்டுபிடிப்பவருக்கு 25,000 கில்டர் பரிசு என்று அரசு அறிவித்தது.

1594, 1595 ஆண்டுகளில் இரண்டு முயற்சிகள் தோற்றன. இரண்டாவதில் இரண்டு பேரைக் கரடி கொன்றது. டெ வீரின் நூலில் அதற்கும் ஒரு படம் உண்டு. மூன்றாவது முறை 1596 மே மாதம் இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. ஒன்றில் மாலுமி வழிகாட்டி வில்லெம் பேரன்ட்ஸ். கப்பல் தலைவர் ஜேக்கப் வான் ஹீம்ஸ்கெர்க். ஜூனில் அவர்கள் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவைக் கண்டார்கள். பிறகு கப்பல்கள் பிரிந்தன. ஆகஸ்ட் 26-ம் தேதி நோவாயா செம்லியாவின் வடகிழக்குக் கரையில் பேரன்ட்ஸின் கப்பலைப் பனி பிடித்துக்கொண்டது. மொத்தம் 17 பேர்.

கரையில் ஒதுங்கிக் கிடந்த மரங்களையும் கப்பலின் பலகைகளையும் வைத்து வீடு கட்டினார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே தச்சர் இறந்துபோனார். நவம்பர் ஆரம்பத்தில் சூரியன் மறைந்தது. கடிகாரம் குளிரில் நின்றது. 12 மணி நேர மணற்கடிகையைத் திருப்பித் திருப்பி நாளை எண்ணினார்கள். டிசம்பரில் ஒருநாள் கப்பலிலிருந்து கொண்டுவந்த நிலக்கரியை எரித்து, குளிர் புகாமல் இடுக்குகளையெல்லாம் அடைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தலை சுற்றியது. யாரோ தள்ளாடிப் போய்க் கதவைத் திறந்ததால் பிழைத்தார்கள். பொறியில் விழுந்த நரிகள் உணவாயின, அவற்றின் தோல் குல்லாய் ஆயிற்று. ஜனவரி 5-ம் தேதி இரவு, ஊர் வழக்கப்படி, பண்டிகை கொண்டாடி பீரங்கிக்காரரை நோவாயா செம்லியாவின் ராஜாவாக முடிசூட்டினார்கள்.

1597 ஜூன் மத்தியில், கப்பலைக் கைவிட்டு, இரண்டு திறந்த படகுகளில் புறப்பட்டார்கள். ஒரே வாரத்தில், ஜூன் 20-ம் தேதி, டெ வீர் வரைந்திருந்த கடல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பேரன்ட்ஸ் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்ததும் உயிர் பிரிந்தது. மற்றவர்கள் இரண்டரை மாதம் படகோட்டி ரஷ்யாவின் கோலாவை அடைந்தார்கள். நவம்பர் 1-ம் தேதி, நரித்தோல் குல்லாயோடு ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் நடந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஆகஸ்டில், கார்னெலிஸ் டெ ஹவுட்மனின் கப்பல்கள் தெற்கு வழியாக ஜாவா போய்த் திரும்பியிருந்தன. அவர்கள் வடக்கே தேடிய கதவு, தெற்கே திறந்தாகிவிட்டது.

செதுக்கியவர் பனியைப் பார்க்கவில்லை

கார்னெலிஸ் கிளாஸ் என்ற பதிப்பாளர் வேகமாகச் செயல்பட்டார். அடுத்த ஆண்டே, 1598-ல், டெ வீரின் நாட்குறிப்பு படங்களோடு புத்தகமாயிற்று. லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஆங்கிலம் என்று மொழிபெயர்ப்புகள் தொடர்ந்தன. ஐரோப்பியப் படிப்பாளிகளின் மனதில் துருவம் என்ற இடத்துக்கு உருவம் கொடுத்த படங்கள் இவை.

அன்றைய வேலை முறை இது. மெருகேற்றிய செப்புத்தகட்டில் கூரான சிற்றுளியால் கோடுகளைச் செதுக்குவார்கள். தகடு முழுவதும் மை தடவி, மேற்பரப்பை வழித்துத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளை அச்சில் அழுத்தினால் காகிதம் அந்த மையை உறிஞ்சிக்கொள்ளும். தகட்டில் இடமாக இருப்பது காகிதத்தில் வலமாக வரும். செதுக்குபவர் எல்லாவற்றையும் தலைகீழாகவே நினைக்க வேண்டும். செம்பு மென்மையானது. அச்சாக ஆகக் கோடுகள் தேயும். முதலில் எடுத்த பிரதிகளுக்குத்தான் மதிப்பு.

செதுக்கியவர் ஊரில், கணப்பு அருகே உட்கார்ந்திருந்தவர். அவர் கையில் இருந்தது பயணியின் கிறுக்கல் படமும் வாய்மொழி வருணனையும்தான். ஆகவே ஒரே சட்டத்துக்குள் அடுத்தடுத்து நடந்த பல சம்பவங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். வேறு ஊர்ப் பதிப்பாளர் அந்தப் படத்தைப் பார்த்து இன்னொரு தகடு செதுக்குவார். அதில் மலை கொஞ்சம் உயரும். கரடி கொஞ்சம் கோபப்படும். நேராகப் பார்த்துச் செதுக்கினால் அச்சில் கண்ணாடி பிம்பம் போல இடவலமும் மாறிப்போகும். பிரதியின் பிரதியைப் பார்த்து சரித்திரம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் படங்கள் நல்ல பாடம்.

அப்படியும் வியக்கத்தக்க அளவு உண்மை தப்பிப் பிழைத்திருக்கிறது. 1596 ஜூனில் வானத்தில் சூரியனின் இரு பக்கமும் இரண்டு போலிச் சூரியன்களும் வில் போன்ற வளையங்களும் தெரிந்ததாக ஒரு படம் காட்டுகிறது. அன்று படித்தவர்களுக்கு அது தெய்வ அதிசயம். இன்று எந்த வானிலை மாணவரும் சொல்வார்: காற்றில் மிதக்கும் பனிப் படிகங்களில் ஒளி விலகுவதால் ஏற்படும் சாதாரணக் காட்சி. ஸ்பிட்ஸ்பெர்கனில் வாத்து இனப் பறவைகள் முட்டை மேல் அடைகாத்து உட்கார்ந்திருந்ததையும் டெ வீர் எழுதினார். அந்தப் பறவைகள் ஸ்காட்லாந்தில் மரத்தில் காய்த்துத் தண்ணீரில் விழுந்து உயிர் பெறுகின்றன என்று அதுவரை கற்றவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாலுமியின் கண் அந்தக் கதையை முடித்துவைத்தது.

எல்லாவற்றிலும் பெரிய விவகாரம் சூரியன். 1597 ஜனவரி 24-ம் தேதி, தெற்கே அடிவானத்தில் சூரியனின் விளிம்பைப் பார்த்ததாக டெ வீர் எழுதினார். கணக்குப்படி இன்னும் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் அது தெரிய வேண்டும். பேரன்ட்ஸே நம்பவில்லை. ஊரில் பண்டிதர்கள் கேலி செய்தார்கள்: இருட்டில் நாட்களை எண்ணுவதில் தவறிவிட்டார்கள் என்றார்கள். ஆனால் ஜோகன்னஸ் கெப்ளர் 1604-ல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இதை மதித்து எடுத்து விவாதித்தார். முழு விளக்கம் வர 20-ம் நூற்றாண்டு ஆயிற்று. தரையை ஒட்டிக் கடும் குளிர்க் காற்றும் அதன்மேல் சற்று வெப்பமான காற்றும் அடுக்காக நிற்கும்போது, சூரிய ஒளி அந்த அடுக்குகளுக்கு இடையே சிக்கி, பூமியின் வளைவோடு வளைந்து வெகுதூரம் வருகிறது. அடிவானத்துக்குக் கீழே ஐந்து டிகிரி அளவில் இருந்த சூரியனை அவர்கள் நிஜமாகவே பார்த்தார்கள். இதற்கு இன்று விஞ்ஞானத்தில் பெயரே 'நோவாயா செம்லியா விளைவு'தான்.

கோவாவும் துருவமும் ஒரே புத்தகத்தில்

இந்தியாவுக்கும் இந்தப் படங்களுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. யான் ஹைகன் வான் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் 1583 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கோவாவில் போர்ச்சுகீசிய ஆர்ச்பிஷப்பிடம் வேலை பார்த்தவர். அங்கே திரட்டிய கடல்வழி ரகசியங்களையும் ஊர் விவரங்களையும் 1596-ல் நூலாக்கினார். கோவா கடைவீதி, பல்லக்கில் போகும் பிரபு, தென்னை மரங்கள் என்று அதில் வரும் படங்கள் இந்திய சரித்திரப் புத்தகங்களில் இன்றும் தவறாமல் இடம்பெறுகின்றன. அதே லின்ஸ்கோட்டன்தான் 1594, 1595 ஆர்க்டிக் பயணங்களிலும் போனவர். அவருடைய நூலையும் வெளியிட்டவர் அதே கார்னெலிஸ் கிளாஸ். கோவா படங்களைச் செதுக்கிய டூட்டெகம் குடும்பத்தின் பாப்டிஸ்டா வான் டூட்டெகம்தான் பேரன்ட்ஸின் வடதுருவ வரைபடத்தையும் செம்பில் செதுக்கினார்.

பிராங்க்பர்ட்டில் டெ ப்ரை குடும்பத்தார் பயண நூல்களை வரிசையாக வெளியிட்டபோது, 'கிழக்கிந்தியா' என்ற வரிசையின் மூன்றாம் பகுதியில் லின்ஸ்கோட்டனின் பயணத் தொடர்ச்சியையும், ஹவுட்மனின் ஜாவா பயணத்தையும், டெ வீரின் பனிக்கரடிகளையும் ஒன்றாகவே கட்டினார்கள். ஒரு பக்கம் வெயில், அடுத்த பக்கம் பனி. வாங்கிய வியாபாரிக்கு அதில் முரண்பாடு தெரிந்திருக்காது. அவனுக்கு இரண்டும் மிளகுக்கு வழிதான்.

இன்னொரு தொடர்பு தென் துருவத்தோடு. 1773 ஜனவரியில் காப்டன் குக்கின் கப்பல் அன்டார்க்டிக் வட்டத்தை முதன்முறையாகத் தாண்டியது. அந்தப் பயணத்தின் ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ். மாலுமிகள் சிறு படகுகளில் போய் மிதக்கும் பனிக்கட்டிகளை அள்ளும் காட்சியை அவர் வரைந்தார். உருக்கினால் நல்ல தண்ணீர் என்பது கப்பலுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. 1777-ல் குக்கின் நூலில் அது செப்புத்தகட்டு அச்சாக வந்தது. குகை குடைந்த பனிமலையின் மேல் விழும் ஒளியைப் பார்த்தால், இதை நேரில் நின்று பார்த்த கை என்பது புரியும். அதே ஹாட்ஜஸ் 1780-ல் சென்னையில் வந்து இறங்கினார். ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதியில் புகுந்த வருடம் அது. பிறகு வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவில் வட இந்தியாவைச் சுற்றி வரைந்தார். இந்தியக் காட்சிகளை அச்சுப் படங்களாக ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற முதல் தொழில்முறை ஓவியர்களில் அவர் முக்கியமானவர். காசியின் படித்துறையும் அன்டார்க்டிக் பனித்தீவும் ஒரே மனிதரின் கண் வழியாக உலகுக்குப் போயின.

இல்லாத மலை

உண்மையைச் சொன்ன டச்சுக்காரர்களை நம்ப மறுத்தார்கள். இல்லாததை வரைந்த ஒருவரின் கதையும் இருக்கிறது.

1818-ல் பிரிட்டிஷ் கடற்படை ஜான் ராஸ் என்ற அதிகாரியை இரண்டு கப்பல்களோடு வடமேற்கு வழி தேட அனுப்பியது. ஆகஸ்ட் 31-ம் தேதி லங்காஸ்டர் கடற்கால்வாயில் நுழைந்த ராஸ், தூரத்தில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு மலைத்தொடர் நிற்பதைப் பார்த்தார். அதற்குக் கடற்படைச் செயலாளர் குரோக்கரின் பெயரைச் சூட்டினார். கப்பலைத் திருப்பினார். இன்னொரு கப்பலின் தலைவரான எட்வர்ட் பாரிக்கு அந்த மலை தெரியவில்லை. 1819-ல் வெளிவந்த ராஸின் நூலில், குரோக்கர் மலைகள் அழகான படமாகவே அச்சாகியிருந்தன. அதே ஆண்டு பாரி வேறு கப்பல்களோடு அங்கே போய், மலை இருப்பதாகச் சொன்ன இடத்தின் மேலாகவே பாய் விரித்துக் கடந்து சென்றார். ராஸ் பார்த்தது குளிர்க் காற்றில் தோன்றிய கானல். டச்சுக்காரர்களுக்குச் சூரியனை முன்னதாகக் காட்டிய அதே இயற்கைதான் இவருக்கு மலையைக் காட்டி ஏமாற்றியது.

தவறு மனிதருக்கு சகஜம். ஆனால் அச்சில் ஏறிய தவறுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. மெல்லிய கோடுகளில், நிழல் கொடுத்து, கடற்படை நூலில் வந்த மலையைச் சந்தேகிக்க பாரி போன்ற ஒருவர் நேரில் போக வேண்டியிருந்தது. ராஸின் பெயர் கெட்டது. 1829-ல் தனியார் பண உதவியில் மறுபடி போனார். நான்கு குளிர்காலங்கள் பனியில் சிக்கி, 1833-ல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலால் மீட்கப்பட்டார். அந்தக் கப்பல், 1818-ல் அவரே தலைமை தாங்கிய 'இசபெல்லா'. அந்தப் பயணத்தில்தான், 1831-ல், அவருடைய அண்ணன் மகன் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் வட காந்தத் துருவம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்.

ராஸின் 1819 நூலில் இன்னொரு படமும் உண்டு. அதுதான் உண்மையில் பொக்கிஷம். கிரீன்லாந்தின் வடக்கே வாழ்ந்த இனுயிட் மக்கள் ஆங்கிலேயர்களை முதன்முதலாகச் சந்திக்கும் காட்சி. ராஸும் பாரியும் முழுக் கடற்படைச் சீருடையில், கத்தியும் கண்ணாடியும் பரிசாகக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் கப்பல்கள், அவற்றை இறக்கை உள்ள பிராணிகளோ என்று அந்த மக்கள் நினைத்தார்கள். வரைந்தவர் ஐரோப்பியர் அல்ல. ஜான் சாக்கியஸ் என்று ஆங்கிலேயர்கள் அழைத்த கிரீன்லாந்து இனுயிட் இளைஞர். திமிங்கில வேட்டைக் கப்பலில் ஸ்காட்லாந்து வந்து, எடின்பரோவில் ஓவியர் அலெக்சாண்டர் நாஸ்மித்திடம் பாடம் கற்று, ராஸின் பயணத்தில் மொழிபெயர்ப்பாளராகப் போனவர். தெற்கே நாகரிகம், வடக்கே விநோத மனிதர்கள் என்று வரையப்பட்ட நூற்றுக்கணக்கான துருவப் படங்களுக்கு நடுவே, இரு பக்கத்தையும் அறிந்த ஒருவரின் படம் இது. குல்லாய் வைத்த வெள்ளை அதிகாரிகள்தான் இதில் விநோதமாகத் தெரிகிறார்கள். 1819 பிப்ரவரியில் சாக்கியஸ் எடின்பரோவில் காய்ச்சலில் இறந்துபோனார்.

சுவருக்கு வந்த பக்கங்கள்

இந்தப் படங்கள் பெரும்பாலும் தனித்தாளாகப் பிறந்தவை அல்ல, புத்தகத்தின் பக்கங்கள். ஒரு முழு நூலை விற்பதைவிட, படங்களைத் தனித்தனியாகக் கத்தரித்து, வண்ணம் தீட்டி, சட்டம் போட்டு விற்றால் லாபம் அதிகம் என்று வியாபாரிகள் கண்டுபிடித்தது 20-ம் நூற்றாண்டு முழுவதும் நடந்த அழிவு. படம் சுவருக்குப் போகிறது. அதற்கு அர்த்தம் கொடுத்த எழுத்து குப்பைக்குப் போகிறது. குரோக்கர் மலையின் படம் மட்டும் கையில் இருந்தால், அது இல்லாத மலை என்பது யாருக்குத் தெரியும்?

வாங்க நினைப்பவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கலாம். செப்புத்தகட்டு அச்சானால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். விளிம்பை வெட்டியிருந்தால் அது போயிருக்கலாம். விரல் வைத்தால் மைக்கோடுகள் லேசாக மேடாகத் தட்டுப்படும். 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால், அச்சுக் கம்பிகளின் நெருக்கமான வரிகள் தெரியும். பூதக்கண்ணாடியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலப் போட்டோ முறை நகல். விலை கொடுக்கத் தேவையில்லை. வண்ணம் இருப்பதால் மட்டும் பழமை என்று பொருளல்ல. பல படங்களுக்கு வண்ணம் பூசியது, பிறந்து பல ஆண்டுகள் கழித்து, விற்பனைக்காக. 1842-ல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேடட் லண்டன் நியூஸ்' போன்ற பத்திரிகைகளில் வந்த துருவப் படங்கள் மரக்கட்டையில் செதுக்கியவை, ஏராளமாக அச்சானவை, ஆகவே மலிவு. 1845-ல் 129 பேரோடு காணாமல்போன பிராங்க்ளினைத் தேடிய பரபரப்பு முழுவதும் அந்தப் பத்திரிகைப் பக்கங்களில் இருக்கிறது. அவருடைய இரண்டு கப்பல்களும் கடலடியில் கிடைத்தது 2014-லும் 2016-லும்தான்.

கேமரா வந்த பிறகு பொய் ஒழிந்ததா என்றால், அதுவும் இல்லை. ஷாக்கில்டனின் அன்டார்க்டிக் பயணத்தில் போன புகழ்பெற்ற புகைப்படக்காரர் பிராங்க் ஹர்லி, படங்களை ஒட்டவும் வெட்டவும் தயங்காதவர். 1916 ஏப்ரலில் யானைத் தீவிலிருந்து உதவி தேடிப் படகு புறப்பட்டபோது எடுத்த படம், மாதங்கள் கழித்து நடந்த மீட்புக் காட்சியாகத் திருத்தி வெளியிடப்பட்டது. கருவிதான் மாறியது, வாசகரின் கண்ணுக்குத் தீனி போடும் அவசரம் மாறவில்லை.

கடைசியாக, நோவாயா செம்லியா வீட்டில் கிடைத்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ல்சன் கொண்டுவந்தவை கைமாறி டச்சு அரசிடம் சேர்ந்தன; இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றில் சீனாவைப் பற்றி மென்டோசா எழுதிய நூலின் டச்சுப் பிரதி ஒன்று இருந்தது. கூடவே கல் போல் இறுகிய காகிதக் கட்டிகளும் இருந்தன. 1970-களில் மியூசியத்தின் நிபுணர்கள் பொறுமையாகத் தாள் தாளாகப் பிரித்தபோது வெளிவந்தவை செதுக்குச் சித்திரங்கள். ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் உள்ளிட்ட அன்றைய பெரிய கலைஞர்களின் பைபிள் கதைகள், வீரர்கள், இயற்கைக் காட்சிகள். சீனாவில் விற்பதற்காகக் கப்பலில் ஏற்றிய சரக்கு அது. போகாத ஊருக்குக் கட்டிய மூட்டை, பனியில் 270 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. நல்ல நிலையில் இருக்கும் பிரதிகளை விட இந்தக் கிழிந்த தாள்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு முக்கியம். எந்தப் படம், எந்த ஆண்டுக்குள், எவ்வளவு மலிவாக, யாருக்காக அச்சாயிற்று என்பதை இவை காட்டிக்கொடுக்கின்றன. பிரித்துச் சட்டம் போடாமல், கிடைத்தபடியே ஒன்றாக வைத்திருந்ததால் கிடைத்த அறிவு இது.

பேரன்ட்ஸ் தேடிய வழி இருந்தது உண்மை. சுவீடனைச் சேர்ந்த நார்டன்ஷோல்ட் 1878-79-ல் 'வேகா' கப்பலில் அதைக் கடந்தார். இன்று கோடை மாதங்களில் சரக்குக் கப்பல்கள் அந்த வழியில் போகின்றன. பனி குறைந்துகொண்டே வருகிறது. 1596-ல் டச்சுக்காரர்கள் கண்ட ஸ்பிட்ஸ்பெர்கனில், 2008 முதல் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் இயங்குகிறது. அங்கு போகும் நமது விஞ்ஞானிகளும் பனியைத்தான் அளக்கிறார்கள், இந்தியப் பருவமழைக்கும் அதற்கும் உள்ள உறவைத் தேடி. துருவத்தில் பனி நிற்காது என்று ஆம்ஸ்டர்டாம் போதகர் சொன்ன தவறான தர்க்கம், நானூறு ஆண்டுகளில், வேறு காரணத்தால், கோடைக்குக் கோடை மெய்யாகி வருகிறது. செப்புத்தகட்டில் கறுப்புக் கோடுகளுக்கு நடுவே வெறும் காகிதமாக விட்ட வெள்ளைதான் பனி. செதுக்குபவருக்கு மிக எளிதான பகுதி அதுதான். உளி படாத இடம். இனி அந்த வெள்ளையைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.